விண்டோஸ் திறக்கத் தாமதம், ப்ராசஸர் சூடு, பேட்டரி இறக்கம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணினி திறக்க நேரமாகிறது என்றதும் பலரும் முதலில் கைவைப்பது பவர் பிளானில், அதாவது விண்டோஸின் மின்செலவு அமைப்பில்தான். ‘பேலன்ஸ்ட்’ இருந்த இடத்தில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ வரும். ‘மினிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ 5 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏறும். ஆனால் திறக்கும் நேரம் குறையாது. மின்விசிறி ஓயாமல் சுற்றுவதும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும்தான் மிச்சம். தாமதம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், மின்சேமிப்பை விட்டுக்கொடுக்காமலே பெரும்பாலான தாமதங்களைச் சரிசெய்துவிடலாம். வேகமும் சேமிப்பும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடங்கள் சிலவே உண்டு. அவை வரும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்றும் சொல்கிறோம்.

இங்குள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். அடிக்கடி வரும் ‘பவர்சிஎஃப்ஜி’, மின் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் கட்டளை; ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவது. கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தின் மேல் வலது மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ (பயாஸ் என்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) என்று ஓர் எண் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸின் கைக்குக் கணினி வரும்வரை மதர்போர்டு எடுத்துக்கொண்ட நேரம் அது. யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைப் பயாஸ் முறையில் திறக்கும் கணினிகளில் மட்டும்தான் இந்த எண் தெரியும்.

அடுத்து ஈவண்ட் வியூவர். ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ்’, ‘ஆபரேஷனல்’ என்று வரிசையாகத் திறந்துகொண்டு போனால், எண் 100 கொண்ட பதிவுகள் இருக்கும். ஒன்றைச் சொடுக்கி ‘டீடெயில்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ‘மெயின்பாத் பூட்டைம்’ டெஸ்க்டாப் வரும்வரை ஆன நேரம். ‘பூட் போஸ்ட்பூட் டைம்’ டெஸ்க்டாப் வந்தபின் கணினி ஓய்வு நிலைக்கு அடங்க ஆன நேரம். இரண்டும் மில்லிநொடியில் இருக்கும். 25000 என்றால் 25 நொடி. அதே பட்டியலில் 101 தாமதித்த செயலியையும், 102 டிரைவரையும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்), 103 சர்வீஸையும் (பின்னணியில் ஓடும் மென்பொருள்) பெயரோடு காட்டும். பலர் எட்டிப் பார்க்காத இடம் இது. ஆனால் பாதிக் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கும்.

இந்த மூன்று எண்களில் எது பெரிதோ, அதற்குரிய அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பட்டனை அழுத்திய பிறகு லோகோவே நெடுநேரம் நிற்கிறது

பயாஸ் டைம் 15 நொடிக்கு மேல் இருந்தால், விண்டோஸின் பவர் அமைப்பில் எதை மாற்றினாலும் பலனில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்த பிறகுதான் பவர் பிளான் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய நேரம் முழுவதும் மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கு, அதாவது பயாஸுக்குச் சொந்தம்.

பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், யூஎஸ்பி ஹப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். நேரம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி அவற்றில் ஒன்று. குறையாவிட்டால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையைப் பாருங்கள். நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருந்தால், பதில் தராத சர்வரை ஒவ்வொரு முறையும் தேடிக் காத்திருக்கும். விண்டோஸ் பூட் மேனேஜரை முதலுக்குக் கொண்டுவாருங்கள். ‘ஃபாஸ்ட் பூட்’ என்ற பயாஸ் அமைப்பு சில சாதனச் சோதனைகளைத் தாண்டிவிடும். அதை இயக்கலாம். அதற்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கும் தொடர்பில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்டெல் ப்ராசஸர் உள்ள சில போர்டுகளின் பயாஸில் ‘பூட் பெர்ஃபார்மன்ஸ் மோடு’ என்று ஒன்று உண்டு. அதில் ‘மேக்ஸ் பேட்டரி’, ‘மேக்ஸ் நான்-டர்போ’, ‘டர்போ’ என மூன்று தேர்வுகள் இருக்கும். விண்டோஸ் பொறுப்பேற்கும்வரை ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இதுதான் முடிவுசெய்கிறது. ‘மேக்ஸ் பேட்டரி’யில் இருந்தால் மாற்றிவிடுங்கள். தினசரி மின்செலவில் இதனால் எந்த வேறுபாடும் வராது, ஏனென்றால் விண்டோஸ் எழுந்ததும் இந்த அமைப்பின் ஆட்சி முடிந்துவிடுகிறது.

டிடிஆர்5 ரேம் கொண்ட புதுக் கணினியில் முதல் தடவையோ, ரேம் மாற்றிய பிறகோ, பயாஸை ரீசெட் செய்த பிறகோ திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருப்பது இயல்பு. ரேமின் நேர அளவுகளைப் போர்டு பயின்றுகொண்டிருக்கிறது, பொறுமையாக விடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் ஒவ்வொரு முறையும் இதே தாமதம் என்றால் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ அமைப்பை இயக்கிப் பாருங்கள். இயக்கிய பின் நீலத்திரை வந்தால் மறுபடி அணைத்துவிட வேண்டும். அங்கே தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே சரி.

நம் வீடுகளில் ஷட் டவுன் செய்ததும் சுவர் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். தேதி பழைய ஆண்டுக்குப் போகும், ‘எஃப்1 அழுத்துக’ என்று திரை நிற்கும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

ஓர் எச்சரிக்கை: டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் செக்யூர் பூட் போன்ற பயாஸ் அமைப்புகளை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸில் எதையும் தொடுங்கள்.

அறிகுறி: ஷட் டவுன் செய்து திறந்தால் ஒரு வேகம், ரீஸ்டார்ட் செய்தால் வேறு வேகம்

விண்டோஸ் 8 காலத்தில், 2012-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் செயலிகள் மூடப்படுகின்றன, பயனர் கணக்கு வெளியேறுகிறது. ஆனால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே ‘ஹைபர்ஃபில்’ என்ற கோப்பில் எழுதப்படுகிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படித்து நினைவகத்தில் ஏற்றினாலே போதும், டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டியதில்லை. ரீஸ்டார்ட் மட்டும் எப்போதும் முழுத் தொடக்கம். ஆகவே ரீஸ்டார்ட் மெதுவாகவும், ஷட் டவுனுக்குப் பின் திறப்பது வேகமாகவும் இருந்தால் எதுவும் கெடவில்லை. கோப்பு டிஸ்கில் இருப்பதால் சுவர் சுவிட்சை அணைத்தாலும் இது வேலை செய்யும். அணைந்திருக்கும் நேரத்தில் இதற்கென்று மின்சாரமும் தேவையில்லை.

கடைசியாக எந்த வழியில் திறந்தது என்று உறுதிசெய்ய ஈவண்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ போய், மூலம் ‘கெர்னல்-பூட்’, எண் 27 கொண்ட பதிவைத் தேடுங்கள். ‘பூட் டைப்’ என்பதன் மதிப்பு 0 என முடிந்தால் முழுத் தொடக்கம். 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து (நினைவகம் முழுவதையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் முறை) மீண்டது.

இதற்கு நேர்மாறாக, ரீஸ்டார்ட் வேகமாகவும் ஷட் டவுனுக்குப் பின் திறப்பது மெதுவாகவும் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அல்லது ஷட் டவுனுக்குப் பிறகு மட்டும் வைஃபை காணாமல் போவது, டச்பேட் உறைவது, திரை கறுப்பாக நிற்பது போன்றவை நடக்கலாம். ஏதோ ஒரு டிரைவர் சேமித்த நிலையிலிருந்து ஒழுங்காக மீளவில்லை, அல்லது அந்தக் கோப்பே பழுதாகியிருக்கிறது. ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ கொடுத்தால் கோப்பு அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆன்’ கொடுங்கள், புதிய கோப்பு உருவாகும். அதற்குப் பின்னும் தொல்லை தொடர்ந்தால் கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட், கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களை இதே வரிசையில் புதுப்பியுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க: கண்ட்ரோல் பேனல், ‘பவர் ஆப்ஷன்ஸ்’, ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’, பிறகு ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்’. கீழே டிக் பெட்டி வரும். பெட்டியையே காணோம் என்றால் ஹைபர்னேட் அணைந்திருக்கிறது என்று பொருள். டிஸ்கில் இடம் மிச்சப்படுத்த யாரோ ‘/எச் ஆஃப்’ கொடுத்திருப்பார்கள். முழு அளவில் அந்தக் கோப்பு, ரேம் அளவில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்குச் சமமான இடத்தை டிஸ்கில் பிடிக்கும். 16 ஜிபி ரேமுக்கு 6 ஜிபிக்கு மேல். ‘பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ரெட்யூஸ்ட்’ கொடுத்தால் அது பாதியாகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தொடர்ந்து இயங்கும், ஹைபர்னேட் மட்டும் கிடைக்காது.

வைத்துக்கொள்வதா, அணைப்பதா? ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி இருந்து, முழுத் தொடக்கமே 15 நொடிக்குள் முடிந்தால் அணைத்துவிடுவது நல்லது. மிச்சமாகும் சில நொடிகளுக்காக டிரைவர்களின் பழைய நிலையை வாரக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை. லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அணைத்தே ஆக வேண்டும். விண்டோஸ் பகுதி உறக்கத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருப்பதால், லினக்ஸில் அதைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். நிரந்தரமாக அணைக்க விருப்பமில்லை, இந்த ஒரு முறை மட்டும் முழுமையாக மூட வேண்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள்.

அறிகுறி: சார்ஜர் இருந்தால் வேகம், பேட்டரியில் திறந்தால் தள்ளாட்டம்

சேமிப்பும் வேகமும் உண்மையிலேயே மோதும் இடம் இது. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘சிபியூ’ போய், ஏதாவது கனமான செயலியைத் திறக்கும்போது ‘ஸ்பீடு’ எண்ணைக் கவனியுங்கள். அது ‘பேஸ் ஸ்பீடு’ எண்ணைத் தாண்டவே இல்லையென்றால் டர்போ, அதாவது தேவைப்படும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி, பூட்டப்பட்டிருக்கிறது.

சூட்டைக் குறைக்க ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’டை 99 ஆக்குங்கள் என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. பெரும்பாலான ப்ராசஸர்களில் 99 என்று வைத்ததும் டர்போ முழுவதுமாக நின்றுவிடும். 1 சதவீதம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் கோர் ஐ5-8250யூ போன்ற ஒன்றில் டர்போ 3.4 கிகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 1.6. டர்போ போனால் பாதி வேகம்கூட மிஞ்சுவதில்லை. டெஸ்க்டாப் எழும் நேரத்தில் ஒற்றை கோரின் வேகம்தான் முக்கியம், அதையே வெட்டியிருக்கிறோம். ‘பவர் ஆப்ஷன்ஸ்’, ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’ வழியாகப் போய், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மேக்ஸிமம் 100, மினிமம் 5 என வையுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பகுதி மறைக்கப்பட்டிருக்கும். அப்போது ‘பவர்சிஎஃப்ஜி /செட்டிசிவேல்யூஇன்டெக்ஸ் ஸ்கீம்_கரன்ட் சப்_ப்ராசஸர் ப்ராக்த்ராட்டில்மேக்ஸ் 100’ கொடுத்து, தொடர்ந்து ‘பவர்சிஎஃப்ஜி /செட்ஆக்டிவ் ஸ்கீம்_கரன்ட்’ கொடுங்கள். முதல் கட்டளையில் செட் என்பதை அடுத்து வரும் டிசி என்பது பேட்டரிக்கு. சார்ஜருக்கு அதே இடத்தில் ஏசி.

மேக்ஸிமம் 100 இருந்தும் தள்ளாடுகிறது என்றால் ‘பவர் மோடு’ பக்கம் போங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பேட்டரி’யில் அது இருக்கும். விண்டோஸ் 10-இல் டாஸ்க்பாரில் உள்ள பேட்டரிப் படத்தைச் சொடுக்கினால் வரும். 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் ப்ராசஸர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே நொடிக்குப் பலமுறை தீர்மானிக்கின்றன. விண்டோஸ் தருவது 0 முதல் 100 வரையான ஒரு விருப்ப எண் மட்டுமே. 0 என்றால் வேகம் முக்கியம், 100 என்றால் சேமிப்பு முக்கியம். பவர் மோடை மாற்றும்போது பெரும்பாலும் மாறுவது இந்த எண்தான். பேட்டரியில் ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’ வைத்திருந்தால் ப்ராசஸர் டர்போவுக்கு ஏறத் தயங்கும். ‘பேலன்ஸ்ட்’ போதும், ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ வரை போக வேண்டாம். பவர் மோடை மாற்றவே முடியவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸ்டுக்குத் திரும்பினால் தேர்வு திறந்துகொள்ளும்.

பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் பேட்டரி சேவர் (புதிய பதிப்புகளில் ‘எனர்ஜி சேவர்’) தானாக இயங்குவதும் இதே அறிகுறியைத் தரும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், விட்டுவிடுங்கள்.

அறிகுறி: டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் இரண்டு நிமிடத்துக்கு எதுவும் அசையவில்லை

‘போஸ்ட்பூட் டைம்’ பெரிதாக இருக்கும். மின்விசிறி இரையும். ஸ்டார்ட்அப் பட்டியலில் ‘இம்பாக்ட்’ நிரலைப் பாருங்கள். ஒரு செயலி தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் ப்ராசஸர் நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வாசிப்போ எடுத்தால் ‘ஹை’ என்று காட்டும். அரட்டைச் செயலிகள், கேம் லாஞ்சர்கள், அப்டேட்டர்கள், பிரிண்டர் உதவிச் செயலிகள் எல்லாவற்றையும் ‘டிசேபிள்’ செய்யுங்கள். அவற்றை நாமே திறக்கும்போது வழக்கம்போல் வேலை செய்யும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சார்ந்தவற்றை மட்டும் விட்டுவையுங்கள்.

சர்வீஸாக உட்கார்ந்திருக்கும் கனமான மென்பொருள்களை, டேட்டாபேஸ் சர்வர் போன்றவற்றை, சர்வீசஸ் சாளரத்தில் ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)’ ஆக்குங்கள். மற்ற சர்வீஸ்கள் எழுந்து ஏறக்குறைய 2 நிமிடம் கழித்து அவை தொடங்கும். மைக்ரோசாஃப்டின் சொந்த சர்வீஸ்களில் கைவைக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் டர்போவைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பது வீண். வேலையை வேகமாக முடித்த ப்ராசஸர் ஆழ்ந்த சி-நிலை என்ற உறக்கத்துக்குப் போய்விடும். சி6 போன்ற நிலையில் கோருக்குப் போகும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. மெதுவாக ஓடவிட்டால் அந்த உறக்கம் தள்ளிப்போகும், திரையும் டிஸ்கும் ரேமும் அந்த நேரம் முழுக்க விழித்திருக்கும். வேலையின் அளவைக் குறைப்பதுதான் இங்கே வேகத்துக்கும் சேமிப்புக்கும் ஒரே வழி.

அறிகுறி: வேகம் 0.39 அல்லது 0.79 கிகாஹெர்ட்ஸில் பூட்டிக்கொண்டது

திறப்பதற்கே பல நிமிடங்கள் ஆகும், மவுஸ் நகர்வதே திணறும். பலர் இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி நிறுவுவார்கள். நிறுவினாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் இது வன்பொருள் கொடுக்கும் கட்டளை. சார்ஜர் சுற்று, மின்சுற்றுச் சில்லு, பேட்டரி இவற்றில் எதுவும் ‘ப்ராக்ஹாட்’ என்ற கம்பி வழியாக ப்ராசஸரை அடக்க முடியும். அடக்கினால் அது 4 அல்லது 8 மடங்கு பெருக்கத்துக்கு இறங்கிவிடும். அடிப்படைக் கடிகார வேகமான 100 மெகாஹெர்ட்ஸை 4-ஆல் பெருக்கினால் 0.4 கிகாஹெர்ட்ஸ்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு கணினியை அணைத்து, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரியில் மட்டும் திறந்து பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால் கோளாறு சார்ஜரில் அல்லது அதன் ஊசியில். சார்ஜரின் லேபிளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள்: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் செருகினால் இந்த அடக்குமுறை வரலாம். டெல், ஹெச்பி லேப்டாப்களின் உருளைப் பின்னில் நடுவே உள்ள மெல்லிய ஊசிதான் சார்ஜரின் அடையாளத்தைச் சொல்கிறது. அது வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ சரியான சார்ஜர்கூட அடையாளம் தெரியாததாகிவிடும்.

பேட்டரியிலும் வேகம் வரவில்லை என்றால் மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா, பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்குகிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதற்கு மேல் பயன்படுத்தாதீர்கள். த்ராட்டில்ஸ்டாப் போன்ற கருவியில் ‘பிடி ப்ராக்ஹாட்’ டிக்கை எடுத்தால் வேகம் உடனே வந்துவிடும். காரணத்தை உறுதிசெய்ய அது உதவும், ஆனால் நிரந்தரத் தீர்வாக வைக்க வேண்டாம். உண்மையிலேயே சூடாகும்போது போர்டைக் காப்பதும் அதே கம்பிதான்.

அறிகுறி: எல்லாவற்றையும் 100 ஆக்கியும் பலனில்லை

ஹார்ட் டிஸ்க்கில் திறக்கும்போது ப்ராசஸர் பெரும்பாலான நேரம் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பவரின் வேகத்தைக் கூட்டி என்ன ஆகப்போகிறது? சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவதே இங்கே பதில்.

‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, ‘பூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ப்ராசஸர் எண்ணிக்கையை உச்சத்தில் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சோதனைக்காகக் கோர்களைக் குறைத்து ஓட்டத் தரப்பட்ட வரம்பு. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்திலுள்ள ‘மேக்ஸிமம் மெமரி’ டிக்கையும் சேர்த்தே எடுங்கள்.

பவர் பிளான்களில் என்னென்ன மாற்றினோம் என்றே நினைவில்லை என்றால் ‘பவர்சிஎஃப்ஜி /ரீஸ்டோர்டிஃபால்ட்ஸ்கீம்ஸ்’ எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்களே உருவாக்கிய பிளான்கள் அழிந்துபோகும்.

அறிகுறி: திறக்கத் தாமதம் என்று மூடாமலே வைத்தால், காலையில் பேட்டரி காலி

‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ கொடுங்கள். ‘ஸ்டாண்ட்பை (எஸ்0 லோ பவர் ஐடில்)’ என்று வந்தால், மூடியை மூடினாலும் லேப்டாப் பழைய எஸ்3 உறக்கத்துக்குப் போவதில்லை. நெட்வொர்க்கோடு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. பையில் போட்டால் சூடாவது இதனால்தான். ‘பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி’ கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். கடந்த சில நாட்களில் ஒவ்வோர் உறக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் இறங்கியது, எந்தச் சாதனம் விழித்திருந்தது என்று அதில் இருக்கும். சிவப்புக் கோடுகளின் கீழே பெயர் வரும் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் ‘ஸ்லீப்’, ‘ஹைபர்னேட் ஆஃப்டர்’ இருந்தால் பேட்டரிக்கு 60 நிமிடம் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினால் உடனே திறக்கும். அதற்குப் பிறகு நினைவகம் முழுவதும் டிஸ்குக்குப் போய்விடும், மின்செலவு நிற்கும். எஸ்எஸ்டியில் ஹைபர்னேட்டிலிருந்து மீள்வது முழுத் தொடக்கத்தைவிடச் சற்றே நேரம் எடுத்தாலும், திறந்திருந்த செயலிகள் அப்படியே இருக்கும். இதற்கு ஹைபர்னேட் முழு அளவில் தேவை. மேலே சொன்ன ‘ரெட்யூஸ்ட்’ கொடுத்திருந்தால் ‘பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ஃபுல்’ கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். உறக்கத்துக்கே போக மறுத்தால் ‘பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். எந்தச் செயலி அல்லது டிரைவர் கணினியைப் பிடித்து வைத்திருக்கிறதோ அதன் பெயர் அங்கே வரும்.